இலை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இலையுதிர் காலத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதி, ஒன்ராறியோவின் அல்கோன்குவின் மாகாணப் பூங்காவின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம். எங்கள் சனம் கோடைக்கால பார்பிக்யூவோடு நிற்காமல் காட்டுக்குள்ளும் நடக்கத் தொடங்கியிருப்பதில், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கும் ஜாக்கெட் மாட்டிக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் எப்போது போவது, போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரிகூட இல்லையே!

பெரும்பாலானவர்கள் தாங்ஸ்கிவிங் லீவுக்குத்தான் புறப்படுகிறார்கள். அல்கோன்குவினில் சுகர் மேப்பிள் மரங்களின் இலை நன்றாகச் சிவப்பது வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில். அந்த லீவு வரும் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமைக்குள் பலமாக ஒரு காற்று அடித்தால் பாதி இலை தரையில் கிடக்கும், பார்க்கிங்கிலோ இடம் இருக்காது. பிந்திப் போகிறவர்கள் மஞ்சளாகும் ஆஸ்பென் மரங்களையும், அதற்கும் பிறகு பொன்னிறமாகி ஊசியிலை முழுவதையும் உதிர்க்கும் டமராக் மரங்களையும் பாருங்கள். சிவப்பு இல்லையென்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

அங்கே எனக்குப் பெரிய பயம் 60ஆம் இலக்க நெடுஞ்சாலைதான். மூஸ் என்கிற பெரிய மான் ஒன்று தலை காட்டினால் போதும், முன்னால் போகும் கார் சடாரென்று நிற்கிறது, கதவு சாலைப் பக்கமாகத் திறக்கிறது, பிள்ளை கைபேசியோடு இறங்கி ஓடுகிறது, பின்னால் லாரி வருகிறது. செப்டம்பர், அக்டோபர் மூஸ்களின் இனச்சேர்க்கைக் காலம். ஆண் மூஸ் எதற்கும் பாயும். காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம், பாதுகாப்பாக நிறுத்த இடம் இல்லையென்றால் நிறுத்தாமலே போய்விடலாம்.

அடுத்தது நடைபாதை. மழை பெய்த மறுநாள் சேற்றில் சப்பாத்து நனையக் கூடாது என்று எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நடப்பதால் பாதையின் இரண்டு பக்கமும் பாசி உரிந்து, மேப்பிள் வேர்கள் தோல் போய் வெள்ளையாகத் தெரிகின்றன. தண்ணீர் போகாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேற்றுக்கு நடுவிலேயே நடந்துவிடுங்கள். படத்துக்காகக் கிளையை ஒடிக்கவும் வேண்டாம், அது மாகாணப் பூங்காக்களில் சட்டப்படி குற்றம்.

சாப்பாடு கொண்டு போகத்தான் வேண்டும், குளிரில் ஒரு மட்டன் ரோலும் பிளாஸ்க் தேநீரும் இல்லாமல் என்ன பயணம்? எலும்பையும் பேப்பர் தட்டையும் மட்டும் அங்கே விட்டுவிடாதீர்கள். குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் நாள் முழுவதும் தீனி தேடும் காலம் இது. மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டியும் வரலாம். அப்புறம், வீட்டிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒன்ராறியோவில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டே பரவியதற்கு, பட்டைக்குள் அதன் புழுக்கள் இருந்த விறகை மனிதர்களே காரில் கொண்டு போனதும் ஒரு காரணம். எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விறகு வாங்கலாம்.

மூன்று மணி நேரம் ஓட்ட முடியாதவர்களுக்கு ஸ்காபரோவில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, ரொறன்ரோ பக்கம் நிறம் பிந்தி வருவதால் அக்டோபர் நடுப்பகுதியிலும் போகலாம். உங்கள் பட்டியலில் அது இல்லாதது எனக்கு வருத்தம்.

அடுத்த இதழில் அல்கோன்குவின் பகல்நேர அனுமதிச் சீட்டு பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். நிறுத்தாமல் நெடுஞ்சாலையைக் கடந்து போக அது தேவையில்லை, இறங்கி நடக்கத் தேவை. ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுவது நல்லது. வார இறுதிகளில் அது முடிந்துபோகும். நாலு கார் சேர்ந்து போகிறவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மார்க்கம்