பாளை சீவியவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் அரசுகளின் பண்பாட்டுத் துறையினருக்கு,

வணக்கம். உங்கள் இரு நாடுகளும் தூதரக உறவு தொடங்கியது 1953-இல். ஆனால் பழக்கம் அதைவிட ரொம்பப் பழசு. 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் கப்பல் போய்வந்தது. மணிலாவிலிருந்து போகும்போது பட்டும் பீங்கானும், வரும்போது வெள்ளி. பிலிப்பைன்ஸின் அந்திப்போலோ ஊர் மாதாவின் சுரூபம்கூட 1626-இல் அகாபுல்கோவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். விழா மேடைகளில் இதையெல்லாம் சொல்கிறீர்கள். சரி, சொல்ல வேண்டியதுதான்.

நான் எழுதுவது அந்தக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களுக்காக.

1618-இல் 'எஸ்பிரித்து சாந்தோ' என்ற கப்பலில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் 75 பேர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் இல்லை. கடல் கொண்டுபோகவில்லை, இறங்கி நடந்துவிட்டார்கள். மெக்சிகோவின் கொலிமா பக்கம் தென்னந்தோப்புகளில் வேலை தேடிக்கொண்டு, கள் இறக்கி, அதைக் காய்ச்சி விற்றார்கள். மறு ஆண்டு செபாஸ்தியான் தே பினேதா என்ற கேப்டன் இதைப் பற்றி ஸ்பெயின் மன்னருக்குப் புகார் எழுதினார். உள்ளூர் மக்கள் இந்தத் தென்னஞ்சாராயத்துக்குப் பழகிவிட்டார்கள், ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சை ரசம் விலைபோகாது, இவர்களைப் பிடித்து ஊருக்கு அனுப்புங்கள், தோப்புகளையும் பாத்திரங்களையும் கொளுத்துங்கள் என்று. (கள் இறக்கத் தடையுள்ள தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. முழுச் சிரிப்பு இல்லை.)

மன்னர் என்ன செய்திருந்தாலும் சரி, கள் போகவில்லை. பிலிப்பைன்ஸில் அதன் பெயர் தூபா. கொலிமாவிலும் தூபாதான். அங்கே தெருவில் சுரைக்குடுக்கையைச் சுமந்து வருகிறவர், இனிப்பு மாறாத தூபாவைக் குவளையில் ஊற்றி, மேலே வேர்க்கடலை தூவிக் கொடுக்கிறார். போன சொல் இப்படி என்றால், வந்த சொல்லும் உண்டு. மணிலாவில் மலிவுச் சந்தையைத் 'தியாங்கே' என்பார்கள். அது மெக்சிகோவின் நவாட்டில் மொழிச் சொல்.

என் தாத்தா தென்னை ஏறியவர். காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு இறங்குவார். ஒரு நாள் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஆகவே கொலிமாவில் தங்கியவர்கள் சும்மா ஓடிப்போனவர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தினம் இரண்டு வேளை மரத்தடிக்கு வந்தாக வேண்டிய தொழில் அது; ஊரில் ஒட்டாதவனால் செய்ய முடியாது.

எனவே கேட்பது இரண்டு. கப்பல் வணிகத்தைக் காட்டும் கூடங்களில் வெள்ளிக்காசுக்குப் பக்கத்தில் ஒரு பாளைக்கத்தியையும் சுரைக்குடுக்கையையும் வையுங்கள். அந்த 75 பேரின் கணக்கையும் எழுதுங்கள். அப்புறம், அடுத்த நட்புறவு விழாவுக்கு நடனக் குழுவோடு கொலிமாவின் தூபாக்காரர் ஒருவரையும் அனுப்புங்கள். லம்பானோக் என்ற தென்னஞ்சாராயம் காய்ச்சும் பிலிப்பைன்ஸின் கெசோன் மாகாணத்துத் தோப்பில் இரண்டு நாள் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூடப் போக வேண்டும். மரத்தடி வரைக்கும் போதும்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு தென்னையேறியின் பேரன்