சருகுக்குள் ஒரு ஆறுமணிக் குருவி

காரைக்குடி,
மாசி 8

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மதுரையில் வேலை கிடைத்துவிட்டது, அதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

நேற்று அந்தக் குருவியைப் பார்த்தேன் மீனா! நாம் எட்டாவது படிக்கும்போது, ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை உங்கள் வளவுக்குள் மயங்கிக் கிடந்ததே, அதேதான். உங்க அப்பத்தா ஓலைக் கொட்டானில் பழந்துணி விரித்துப் படுக்க வைத்து, சாயங்காலம் கிணற்றடியில் பறக்க விட்டார்களே.

தினமும் பூங்காவில் நடப்பவள், நேற்று இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டு ஸ்கூட்டியில் சங்கரபதிக் காட்டுப் பக்கம் போனேன். ஒரு காரைப் புதரடியில் சரசரவென்று சத்தம். ஓணான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, மை தீட்டின மாதிரி கண்ணோரம் கறுப்புக் கோடு, குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. அலகால் ஒரு சருகைப் புரட்டும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், இரண்டு தத்து தத்தி அடுத்த சருகுக்குப் போகும். கால் மரத்துப்போகிற வரை அசையாமல் நின்றேன்.

ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுமாம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. அத்தனை தூரம் ராத்திரியில் பறந்து வருவதால், களைத்துப்போய் வீடுகளில் விழுந்துவிடுவதுண்டு. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எப்படி அழுதோம்!

பூங்காவில் இத்தனை வருடம் நடந்தும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எப்படி வரும்? விடிவதற்குள் சருகையெல்லாம் கூட்டி எரித்துவிடுகிறார்கள். புழுவும் பூச்சியும் அதற்குள்தானே இருக்கின்றன. மனசு கேட்காமல் இன்று காலை பெருக்குகிற அக்காவிடம், "மகிழமரத்தடியை மட்டும் விட்டுவிடுங்களேன்" என்றேன். "சூப்பர்வைசர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

கோடை வந்தால் குருவி வடக்கே கிளம்பிவிடும். பங்குனி பிறப்பதற்குள் வந்துவிடு, காட்டுக்கு நான் கூட்டிப்போகிறேன். அப்புறம், அப்பத்தாவின் அந்தக் கொட்டான் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வா, ஒருதடவை பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வள்ளி