பச்சை குத்திய கையோடு தீர்த்தத்தில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயில் தீர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் இரவு, என் அக்காவின் மகன் எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றான். கச்சான் காற்று அனலாக வீசிய நாள். அந்த வெக்கையிலும் முழுக்கை சேர்ட் போட்டிருந்தான். "சின்னம்மா, அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றான். சேர்ட்டைக் கழற்று மனே என்றேன். கழற்ற முடியவில்லை. துணி கையோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

நான் தாதி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில் கழிந்த வருஷங்கள்தான் அதிகம். கொதித்து ஆறின தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அந்தத் துணியைப் பிரிக்க அரை மணி நேரம் பிடித்தது. உள்ளே அத்தானின் கையெழுத்து. போன வருஷம் தவறிப்போன தகப்பனின் கையெழுத்தை, பழைய சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து, அதில் இருந்தபடியே முழங்கைக்குக் கீழே குத்தியிருக்கிறான். குத்தி ஆறாம் நாள் ஆடி அமாவாசை. அப்பாவுக்காகத் தீர்த்தமாட வேண்டும் என்று விடியவே போய்க் குளத்தில் இறங்கியிருக்கிறான். எழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. கமக்கட்டில் நெறி கட்டியிருந்தது. உடம்பில் காய்ச்சல். கையெழுத்தின் கடைசிச் சுழி பொருக்கோடு சேர்ந்து துணியில் வந்துவிட்டது.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். முதலில் ஊசி மருந்து, அப்புறம் குளிசை. இப்போது சுகம். அவனைக் குறை சொல்லவோ, டாட்டூ நல்லதா கெட்டதா என்று வாதாடவோ இதை எழுதவில்லை. எங்கள் அம்மம்மாவின் கையிலும் பச்சைக் கோலம் இருந்தது. அதை யாரும் குற்றமாகப் பார்த்ததில்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த ஆறு நாளும் அவன் தாயோடு ஒரே வீட்டில்தான் இருந்தான். ஏச்சுக்குப் பயந்து மறைத்தான். மறைக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்குள்ளும் நீளக்கை சேர்ட்டோடு திரிந்தான், படுத்தான். வியர்வையில் கை ஊறிக் கிடந்தது. பூசுவதற்கு ஒரு கிரீம் வாங்கி அலமாரியில் வைக்கக்கூட அவனால் முடியவில்லை. அந்தப் பயம்தான் புண்ணைப் பழுக்க வைத்தது.

குத்தியவர் என்ன சொல்லி அனுப்பினார் என்று கேட்டேன். சோற்றுப் பார்சல் கட்டுகிற லஞ்ச் சீட்டில் ஒரு துண்டை வெட்டிக் கையில் சுற்றி, "தண்ணி படாமப் பாத்துக்கங்க தம்பி" என்றாராம். அவ்வளவுதான். அதை நம்பி ஆறு நாளும் ஒரு தடவைகூடக் கழுவவில்லை. பிறகு எப்படி மனே குளத்தில் இறங்கினாய் என்றால், "தீர்த்தம்தானே சின்னம்மா, ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன்" என்கிறான். பிள்ளையின் நம்பிக்கையை நான் என்ன சொல்ல? ஆனால் ஆயிரக்கணக்கான சனம் ஒரே காலையில் இறங்கி எழும்புகிற நீரில் திறந்த புண்ணை முக்கக்கூடாது. மாமாங்கத்துப் பிள்ளையார் அதற்குக் கோபிக்கப்போவதில்லை. தீர்த்தம் முடிந்த பிறகு குத்தியிருந்தால் குளத்துத் தண்ணீரால் வரும் பிரச்சினையாவது வந்திருக்காது.

கழுவுவது வேறு, ஊறுவது வேறு. இது விளங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டாட்டூ ஊசி மேல்தோலைத் துளைத்து, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் உள்தோலில் மையை வைக்கிறது. ஒரு சின்ன எழுத்துக்கே ஆயிரக்கணக்கான குத்து விழும். அத்தனையும் திறந்த வாசல்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதில் இருந்து தெளிந்த நீரும் கொஞ்சம் மையும் கசியும். அதைக் கழுவாமல் விட்டால் காய்ந்து தடித்த பொருக்காகிவிடும். தடித்த பொருக்கு பெயர்ந்தால் மையும் கூடவே வரும். அத்தானின் சுழி போனது அப்படித்தான்.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கழுவத்தான் வேண்டும். முதலில் உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். துவாயால் தேய்க்க வேண்டாம், சுத்தமான டிசு பேப்பரால் ஒற்றி எடுங்கள். பிறகு வாசனை இல்லாத கிரீம், மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும். அள்ளி அப்பினால் தோல் ஊறிப் பொருக்கு நொய்ந்துவிடும். அந்த லஞ்ச் சீட் கடையில் இருந்து வீடு வந்து சேரும் வரைக்கும்தான். சில மணி நேரத்தில் கழற்றிவிட வேண்டும், நமது வெக்கைக்கு அதற்குள் வியர்வை தேங்கிவிடும். நாட்கணக்கில் ஒட்டியிருக்கும் மெல்லிய மருத்துவ ஒட்டுத் தாளும் இருக்கிறது. அதைப் போட்டவர்கள் எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் குத்தியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாம் ஐந்தாம் நாளில் இருந்து பாம்பு சட்டை உரிப்பது போல உரியும். உரிந்த செதிலில் நிறத்தைப் பார்த்து மை கொட்டுகிறது என்று பயப்பட வேண்டாம், அது மேல்தோலில் தங்கிய மைதான். அரிப்பு உயிரை எடுக்கும். சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். குளிர்ந்த ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே வைத்தால் அடங்கும். மேல்தோல் மூட இரண்டில் இருந்து நாலு கிழமை செல்லும். அதற்குப் பிறகும் சில கிழமை, பால் படர்ந்த மாதிரி மங்கலாகத் தெரியலாம். உள்தோல் முழுக்க ஆற மாதக்கணக்கு ஆகும்.

மூன்று நான்கு கிழமைக்கு எந்த நீர்நிலையிலும் இறங்க வேண்டாம். குளம், வாவி, கடல், வாய்க்கால் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் போகிறவர்கள் போன அன்றே ஆசைக்குக் குத்திக்கொண்டு மறுநாள் கடலில் விழுகிறார்கள். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று ஒரு பேச்சு ஊருக்குள் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். சூடான கடல் நீரிலும் உவர் நீரிலும் விப்ரியோ என்றொரு கிருமி வாழ்கிறது. குத்தி ஐந்து நாளில் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்திய 31 வயது ஆள் ஒருவர் அந்தக் கிருமி புகுந்து இறந்துபோனதை 2017-ல் மருத்துவ இதழொன்று வெளியிட்டிருந்தது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் வருத்தம். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். அம்பாறைப் பக்கம் வயலில் இறங்கும் பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலியின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் இருந்து அந்தக் கிருமி உடம்புக்குள் போக இப்படிப்பட்ட புண்ணும் ஒரு வழி. விதைப்புக்கு முந்தின கிழமை குத்தாதீர்கள். கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்க இருப்பவர்களும் அப்படித்தான், தோளில் பையின் வார் உரசும் இடத்தில் புதுப் புண் இருந்தால் பாதிவழியில் படும் பாடு பெரிது.

கண்டதையும் பூசும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை, டெட்டோல் என்று எல்லாவற்றையும் புண்களில் பார்த்துக் கழுவியவள் நான். புது டாட்டூவுக்கு இதில் ஒன்றும் வேண்டாம். பாமசியில் சொறிக்குக் கொடுக்கும் ஸ்டெரொயிட் கிரீமைக் கேட்டு வாங்குவது இன்னும் மோசம். அரிப்பை அடக்குவது போல அடக்கி, புண் ஆறுவதைப் பிந்தவைக்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். நல்லாக ஆறும் வரைக்கும் வெயில் படாமல் தளர்ந்த பருத்தித் துணியால் மூடுங்கள். சன் கிரீம் ஆறின பிறகுதான்.

முதல் ஓரிரு நாள் சிவப்பும் வீக்கமும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு நோவு குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், கையில் சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினால், காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காசு வாங்க மாட்டார்கள், டாட்டூ குத்தினாய் என்று பொலிசில் கொடுக்கவும் மாட்டார்கள். நீரிழிவுக்காரர், காயம் ஆறினால் தழும்பு கட்டியாகத் தடிப்பவர்கள், குத்துவதற்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். ஏற்பூசி போட்டுப் பத்து வருஷம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஊசி உங்கள் கண் முன்னால் புதுப் பக்கற்றில் இருந்து எடுக்கப்படுவதைப் பாருங்கள். பாவித்த ஊசியால் பரவக்கூடிய ஈரல் அழற்சி சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. குத்தி 12 மாதத்துக்கு இரத்ததானம் செய்ய முடியாது. இரத்ததானப் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, முகாமில் கூட்டாளிமார் நிற்கிறார்கள் என்று பொய் எழுத வேண்டாம்.

டாட்டூக் கடை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆளைக் கதிரையில் இருத்தி மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறீர்கள், காசும் குறைவில்லை. தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்ப எத்தனை ரூபாய் வரும்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் கடைகளுக்குப் போகும்போது அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்கலாம்.

தாய்மாரே, என் அக்கா உட்பட, பிள்ளை கையை மறைத்துக்கொண்டு திரிந்தால் முதலில் கழுவ விடுங்கள். ஏசுவதை மூன்று கிழமைக்குப் பிறகு ஏசலாம். அக்காவிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, அந்த எழுத்தை வாசித்துக்கொண்டே இருந்தா. இப்போது காலையும் மாலையும் கழுவி விடுவது அவதான். அழிந்துபோன சுழியைக் கை நன்றாக ஆறின பிறகுதான் திரும்பக் குத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை இப்போது போடுங்கள். முடியுமானால் அடுத்த வருஷம் மாமாங்கத்தில் கொடி ஏறுவதற்கு ஒரு மாதம் முந்தியும் இன்னொரு தடவை போடுங்கள். நாள் பார்த்துக் குத்த நினைக்கும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.