கொலைக்கு அலுவலக மொழி இட்ட பெயர்

அன்புள்ள கயல்,

வியட்நாம் போரைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘டெர்மினேட் வித் எக்ஸ்ட்ரீம் ப்ரெஜுடிஸ்’ என்ற தொடரில் தடுமாறி நிற்பதாக எழுதியிருந்தாய். அகராதியை நம்பி ‘கடும் தப்பெண்ணத்துடன் முடித்தல்’ என்று எழுதிவிடாதே. ஆளைக் கொன்றுவிடு என்பதே அதன் பொருள்.

இதில் வரும் ‘ப்ரெஜுடிஸ்’ மனத்தின் காழ்ப்பைக் குறிப்பதன்று. அது எங்கள் வக்கீல் தொழிலின் சொல். கட்சிக்காரரின் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற பொருளில் ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்று நான் அனுப்பிய நோட்டீஸ்களில் நீயே பார்த்திருப்பாய். அமெரிக்க நீதிமன்றம் ஒரு வழக்கை ‘வித் ப்ரெஜுடிஸ்’ தள்ளுபடி செய்தால் அதே வழக்கை மறுபடியும் தாக்கல் செய்ய வழியில்லை. உளவுத் துறையினர் தங்கள் ஒற்றர்களை விலக்கும்போதும் இந்தச் சொல்வழக்கையே பின்பற்றினார்கள்: பாதகமின்றி விலக்கப்பட்டவரைப் பின்னொரு நாள் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம், பாதகத்துடன் விலக்கப்பட்டவரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதன் முன்னால் ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தபோது, பணிநீக்க உத்தரவு மரண உத்தரவாகிவிட்டது. கோப்பில் அதைப் படிக்கும் எவருக்கும் கை நடுங்காது என்பதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது.

இத்தொடர் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டது 1969இல். அமெரிக்கச் சிறப்புப் படையினருக்கு ஒற்றராக இருந்த தாய் காக் சுயென் என்ற வியட்நாமியர், கைப்பற்றப்பட்ட புகைப்படம் ஒன்றில் எதிரித் தரப்பினருடன் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டார். அவரைப் பல நாள் விசாரித்தார்கள். எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. ஜூன் 20 அன்று தென் வியட்நாமின் ந்யாத்ராங் கடலுக்குப் படகில் கொண்டுபோய்ச் சுட்டு, உடலோடு கனமான பொருள்களைக் கட்டி நீரில் தள்ளினார்கள். உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. படைத் தலைவர் கர்னல் ராபர்ட் ரோ உட்பட எட்டுப் பேர் கைதானார்கள். கொல்லும் யோசனை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.விடமிருந்தே வந்தது என்று படையினர் தரப்பு சொன்னது, சி.ஐ.ஏ. மறுத்தது. தன் அலுவலர்களைச் சாட்சி சொல்ல அனுப்பவும் அது மறுத்துவிட்டதால், நியாயமான விசாரணைக்கு வழியில்லை என்று காரணம் காட்டி, ராணுவச் செயலர் ஸ்டான்லி ரீசர் செப்டம்பரில் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். சுற்றி வளைத்த சொற்களால் இடப்படும் ஆணையில் இந்த வசதி உண்டு: ஆணையிட்டவர் யார் என்று பிறகு எவராலும் நிறுவ முடியாது.

ஆகவே, உன் மொழிபெயர்ப்பில் உத்தரவின் வாசகம் வரும் இடத்தில் ‘முழுப் பாதகத்துடன் பணிமுடிவு’ என்பது போன்ற கோப்பு மொழியையே வை. வாசகர் அந்தக் குளிர்ச்சியை உணரட்டும். ஆனால் கட்டுரையாளர் தம் குரலில் பேசும் இடங்களில் ‘கொன்றார்கள்’ என்றே எழுது. சுயெனின் மனைவிக்கு அதற்கு வேறு சொல் இருந்திருக்காது.

இன்னொரு செய்தியையும் அடிக்குறிப்பில் சேர்க்கலாம். குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்றுதான், தன் வசமிருந்த வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை நகலெடுப்பது என்று அமெரிக்க ராணுவ ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பெர்க் முடிவு செய்தார். ஏறத்தாழ 7,000 பக்கங்கள் கொண்ட அந்த ஆவணங்கள் 1971இல் பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கின.

அன்புடன்,
அப்பா