அல்சூர் தெருவுக்கும் அந்தத் தம்பிகளுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கார்கில் போர் முடிந்து 2024 ஜூலை 26-ஓடு 25 வருஷம் நிறைந்தது. இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்த நன்றியை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1999-ல் கார்கில் மலையில் திராஸ் பக்கம் காலாட்படை முன்னேற வழி உண்டாக்க, கண்ணிவெடி எடுத்தவர்களில் ஒருவர். போர் முடிந்தது என்று டிவியில் சொன்னதும் சோமேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். ஆனால் புதைத்த வெடிகள் மலையில் அப்படியே கிடந்தனவே! குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தித் தேட வேண்டிய வேலை. ஆகஸ்டில் ஒரு வெடியில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

சோதித்து முடிக்காத தரையில் இறங்கி அவரைத் தூக்கி வந்த இரண்டு தம்பிகளே, உங்களுக்கும் உங்களைப் பெற்றவர்களுக்கும் முதல் நன்றி. ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நன்றாக இருங்கள்.

எந்த நேரத்தில் போன் வந்தாலும் ஷட்டரைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட ஓடிவந்த எஸ்.டி.டி. பூத் அண்ணா, நான் பூனாவில் இருந்த மாதங்களில் என் பிள்ளைகளுக்குத் தலைவாரி டிபன் கட்டிக் கொடுத்த எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா, உங்களை மறக்க முடியுமா?

பூனா செயற்கைக் கால் மையத்தில் கால் செய்து கொடுத்த பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்டுப்பட்ட கால் உட்காரும் கிண்ணத்தின் உள்விளிம்பை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். உறுத்துகிறது என்று நான் காட்டிய இடத்தையெல்லாம் மறுபடி தேய்த்தார். தசை வற்றிக் கிண்ணம் தளர்ந்தால் காலுக்கு இன்னொரு துணி உறை போட வேண்டும், தோல் சிவந்தால் அன்றைக்குச் செயற்கைக் காலை மாட்டவே கூடாது என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். இன்றுவரை அதுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

ஊர் திரும்பிய அன்று தெருவே ஆரத்தியோடு நின்றது. நாற்காலியில் தூக்கிப் போகலாம் என்று பையன்கள் கிளம்பியபோது, "வேண்டாம், அவன் நடந்து வரட்டும்" என்றார் சுபேதார் ஐயா. என் வீட்டுக்காரர் வேகத்துக்கு அத்தனை பேரும் மெல்ல நடந்தீர்கள். ஒருவர் வாயிலும் 'ஐயோ பாவம்' வரவில்லை.

மறு வருஷம் பல்லக்கு விழாவுக்கு சீரியல் விளக்கு போடும் பொறுப்பை நீங்களாகவே அவரிடம் கொடுத்தீர்கள். படையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த மனுஷன். டெஸ்டரைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் பழையபடி அதட்டிப் பேசினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த இரண்டு தம்பிகளும் அல்சூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வராமல் போகக் கூடாது. குடும்பத்தோடு வாருங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
அல்சூர், பெங்களூரு