ஆஸ்டின் வண்டியும் பெரியப்பாவின் புகைப்படமும்

கவென்ட்ரி

அன்புள்ள நண்பர் சிவசங்கரன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் பெரியப்பாவின் புகைப்படப் பிரதியும் வந்து சேர்ந்தன. அண்ணியாரின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி அடைந்தோம். இங்கே அனைவரும் நலம்.

ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ வண்டிகளைச் சீரமைக்கும் சிலரோடு சேர்ந்திருக்கிறேன். இப்போது எங்கள் கையில் இருப்பது வொர்செஸ்டர்ஷயரில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து மீட்ட ஆஸ்டின் 10. முன்னால் இருவர் அமரும் அறையும் பின்னால் கித்தான் கூடாரமும் கொண்ட இச்சிறு வண்டிகளைப் படையினர் ‘யுடிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘டில்லி’ என்று செல்லமாக அழைத்தார்கள். ஆஸ்டின், ஹில்மேன், மோரிஸ், ஸ்டாண்டர்டு ஆகிய நான்கு நிறுவனங்களும் தத்தம் குடும்பக் கார்களை மாற்றியமைத்து இவற்றைச் செய்தன. பின்பகுதியை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோல் தோன்றும். எஞ்சின் மூடியைத் திறந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆஸ்டினுக்கு 1,125 சி.சி., ஹில்மேனுக்கு 1,185 சி.சி., இரண்டும் பக்கவாட்டு வால்வு எஞ்சின்கள். மோரிஸின் 1,140 சி.சி. எஞ்சினுக்கு மட்டும் வால்வுகள் மேலே இருக்கும். ஸ்டாண்டர்டு 12 மற்ற மூன்றையும் விடப் பெரிய எஞ்சின் உடையது. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் நீங்கள் பார்த்ததுதான் இங்கும்: எஞ்சின் வண்டியோடு பிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. இராணுவப் பணிமனைகள் எஞ்சின்களைத் தாராளமாக மாற்றியிருக்கின்றன. ஆகவே எஞ்சின் எண்ணை வைத்து வரலாறு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பண்ணைக்காரர் குடும்பம் இவ்வண்டியை 1947ஆம் ஆண்டு வண்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பதிவுப் புத்தகத்தில் அந்த ஆண்டுதான் இருக்கிறது. போர் முடிந்தபின் உபரி வண்டிகளை அரசு ஏலம் விட்டது. நாட்டிங்ஹாம்ஷயரின் ரடிங்டன் அத்தகைய ஏலங்களுக்குப் பெயர்போன இடம். வாங்கியவர் தம் கவுண்டி அலுவலகத்தில் முதன்முறையாகப் பதிவு செய்த நாள்தான் புத்தகத்தில் ஏறுகிறது. அதற்கு முன்னர் அது ஓடிய ஆண்டுகள் அந்தப் பதிவுக்குத் தெரியாது. அந்த ஆண்டுகளைத் தேட வேண்டுமானால் இராணுவ எண் வேண்டும்.

இராணுவ எண்ணின் முதலெழுத்தே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். எம் என்றால் கார், இசட் என்றால் ஒரு டன்னுக்கு மேற்படாத டிரக், எல் என்றால் லாரி, ஏ என்றால் ஆம்புலன்ஸ், சி என்றால் மோட்டார் சைக்கிள். விமானப்படை வண்டிகளில் ஆர்.ஏ.எஃப். என்ற எழுத்துகளும் எண்ணும் மட்டும் இருக்கும், கடற்படை ஆர்.என். என்று சேர்த்துக்கொண்டது. டில்லி பார்வைக்குச் சிறு டிரக்காகத் தெரிந்தாலும் இராணுவக் கணக்கில் அது காராகவே வகைப்படுத்தப்பட்டது. ஆகையால் அதன் எண் எம் என்று தொடங்கும்.

அந்த எண்ணைத் தேடித்தான் எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் நீர் தோய்த்த உப்புத்தாளால் மிக மெல்லத் தேய்த்து வந்தோம். மேலே பண்ணைக்காரரின் நீலம். அதற்குக் கீழே ஆலிவ் பச்சை. அடியில் ஒரு மங்கலான பழுப்பு. போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு காக்கிப் பச்சை பூசினார்கள். பச்சை நிறமிக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு தட்டுப்பாடானதும், 1942இல் எஸ்.சி.சி. 2 என்னும் பழுப்புக்கு மாறினார்கள். 1944 ஏப்ரலில், அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வண்டிகளை மறுபடி பூச வேண்டாம் என்பதற்காக, அவற்றோடு ஒத்துப்போகும் ஆலிவ் பச்சையான எஸ்.சி.சி. 15க்கு வந்தார்கள். எங்கள் வண்டியின் உலோகத்தை ஒட்டியிருப்பது பழுப்பு என்பதால் அது 1942க்கும் 1944இன் முற்பகுதிக்கும் இடையே தொழிற்சாலையை விட்டு வெளிவந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம். பழுப்பின் மேல் வெள்ளையில் எம் என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து பெரும்பாலான இலக்கங்களும் தெரிகின்றன. கடைசி இரண்டு மட்டும் தேய்ந்துபோயின. அதனால் பெரிய நட்டமில்லை. ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஒரு தொடர் வரிசையாக எண்களை ஒதுக்கினார்கள். எந்த வரிசை எந்த ஒப்பந்தம், எந்த நிறுவனம் என்று காட்டும் பட்டியல்கள், வண்டிகளுக்கான பெரிய கிடங்காக இருந்த சில்வெல்லின் பெயரால் இன்றும் புழங்குகின்றன. முன்பாதி தெரிந்தாலே ஒப்பந்தத்தைப் பிடித்துவிடலாம். அறையின் உட்புறம் ஒட்டியிருந்த தகட்டிலும் அதே ஒப்பந்த எண் இருந்ததால் எங்களுக்கு ஐயம் தீர்ந்தது.

இவ்வளவு இருந்தும் அது எந்தப் படைப்பிரிவில் ஓடியது என்பது கிடைக்கவில்லை. பட்டியல்கள் அதைச் சொல்வதில்லை. இந்த வெற்றிடத்தில்தான் கதைகள் முளைக்கின்றன. பிந்தைய அரசி எலிசபெத் 1945இல் பெண்கள் துணைப்படையான ஏ.டி.எஸ்.ஸில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயின்றார். அதனால் டில்லி வைத்திருப்பவர்களில் பலர் தம் வண்டியை அவர் ஓட்டியதாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கண்காட்சிகளில் ஏழாம் கவசப் படைப்பிரிவின் பாலைவன எலிச் சின்னம் தீட்டிய வண்டிகளை எண்ணிப் பார்த்தால் பிரிட்டிஷ் இராணுவத்தில் வேறு பிரிவே இருந்ததில்லையோ என்று தோன்றும். ஊர்ப் பெயர் தெரியாத கிடங்கு ஒன்றில் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த வண்டிக்கும் வரலாறு உண்டு என்பது என் கட்சி.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். பெரியப்பா சாய்ந்து நிற்பது ஜீப் அல்ல. எஞ்சின் மூடி அகன்று, தட்டையாக, ஏறக்குறைய வண்டியின் முழு அகலத்துக்கும் இருக்கிறது பாருங்கள். இராணுவம் கேட்ட பெரிய காற்று வடிகட்டியை உள்ளே அடக்குவதற்காகப் பெட்ஃபோர்டு நிறுவனம் தன் எம்.டபிள்யூ. வகை டிரக்கில் செய்த ஏற்பாடு அது. ஓட்டுநருக்கு முன்னால் முழுக் கண்ணாடி இல்லை, மடிக்கக்கூடிய சிறு கண்ணாடிகள் இரண்டே உள்ளன, கதவும் இல்லை. ஆகவே இது முற்பட்ட மாதிரி. கதவும் முழுக் கண்ணாடியும் பிற்பட்டவற்றில்தான் வந்தன. நேச நாட்டு வண்டிகளில் போரின் பிற்பகுதியில் தீட்டிய வெள்ளை நட்சத்திரம் மூடியின் மேல் இல்லாததும் படம் போரின் பிற்பகுதிக்கு உரியதல்ல என்றே நினைக்க வைக்கிறது.

மட்கார்டில் உள்ள வெறும் கறுப்புச் சதுரத்தைத் தணிக்கைக்காரர் மை பூசி மறைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியும் இருக்கலாம், தணிக்கையில் அது வழக்கந்தான். ஆனால் பெரியப்பா மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் 12ஆம் களக் கம்பெனியில் இருந்தார் என்கிறீர்கள். அக்கம்பெனி பணியாற்றிய நான்காம் இந்தியப் படைப்பிரிவின் சின்னம் கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கழுகு. அக்காலத்தில் பரவலாக விற்ற கோடாக் வெரிக்ரோம் போன்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருள்கள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு, படத்தில் கறுப்பாகவே விழும். கழுகு அங்கேயே இருந்து, நம் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போயிருக்க வாய்ப்புண்டு. மறுபக்க மட்கார்டில் தெரியும் வெளிறிய சதுரமும் இதற்கு இசைகிறது: பொறியாளர் படையின் அடையாளம் நீலச் சதுரம், இத்தகைய சுருளில் நீலம் வெளிறித் தெரியும்.

இசட் என்ற எழுத்தும் முதல் சில இலக்கங்களும் பெரியப்பாவின் தோளுக்கு அப்பால் தெரிகின்றன, ஆனால் பிரதியில் கலங்கியிருக்கின்றன. மூலப் படத்தை அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் நலம். ஸ்டூடியோ முத்திரை ஏதேனும் இருந்தால் கெய்ரோவா பெய்ரூட்டா என்பதாவது தெளியும். அவருடைய படைவிடுப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதன் பிரதியும் வேண்டும். அடுத்த மாதம் இலண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகவிருக்கிறேன். மத்தியக் கிழக்கில் இருந்த படைகளின் போர் நாட்குறிப்புகள் அங்கே டபிள்யூ.ஓ. 169 என்ற தொகுதியில் உள்ளன. வண்டி எண்களை அவற்றில் எழுதியிருக்க மாட்டார்கள். கம்பெனி எந்த மாதம் எங்கே முகாமிட்டிருந்தது என்பது கிடைத்தால் படத்தின் இடத்தையும் காலத்தையும் ஓரளவு நெருங்கலாம்.

அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்