டென்சனரை மட்டும் மாற்றினால் போதுமா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "தம்பி, எஞ்சினில கரகரண்டு ஒரு சத்தம். டென்சனரை மட்டும் மாத்தி விடுங்க" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மண்டூரில் இருந்து பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) வருகிறவர்களும் சரி, கல்முனைப் பக்கம் இருந்து வருகிறவர்களும் சரி, கேட்பது ஒன்றைத்தான். (டென்சனர் என்பது எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினின் தொய்வை எடுக்கும் சாமான்.) நாங்கள் உடனே விலை சொல்லாமல் "கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்பதில் சிலருக்கு மனக்குறை இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கத்தான் இந்த மடல்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. மீண்டும் 2025இல் வழி திறக்கும்வரை எல்லோரும் இருந்த வண்டியையே ஓட்டினோம். வயலுக்குப் பசளை மூடை, சந்தைக்கு மீன் பெட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எல்லாமே அந்த ஒரே வண்டியில்தான். அதனால் இப்போது இங்கே வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நன்றாக ஓடிக் களைத்தவை. டைமிங் செயின் தேய்கிற வயது அது.

எஞ்சினுக்குள் கீழே பிஸ்டன் சுழற்றும் அச்சு, அதுதான் கிராங்க்; மேலே, சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில், வால்வுகளைத் திறக்கும் அச்சு, அதுதான் கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். ஓட ஓட அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் புஷ்ஷும் மயிரளவு தேயும். கண்ணிகள் நிறைய என்பதால் மொத்தத்தில் செயின் நீண்டுபோகும். அந்தத் தொய்வை எடுக்கத்தான் சிலிண்டரின் பின்பக்கம் இரண்டு போல்டில் டென்சனர் இருக்கிறது. அதன் தண்டு உள்ளே இருக்கும் கைட்டை (செயினோடு ஒட்டி நிற்கும் ரப்பர் வைத்த பட்டையை) தள்ளி, கைட் செயினை அழுத்திப் பிடிக்கும். செயின் தொய்யத் தொய்யத் தண்டு வெளியே வந்துகொண்டே இருக்கும். திரும்பி உள்ளே போகாது. (கிடையாகப் படுத்த 100 சிசி எஞ்சின்களில் அமைப்பு வேறு, கீழ்ப்பக்கம் ஸ்பிரிங்கும் தண்டுமாக இருக்கும். வேலை ஒன்றுதான்.)

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதே செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அளவு. ஆனால் கண்டபடி இரண்டு போல்டையும் கழற்றினால், எதிரே தடை இல்லாததால் தண்டு முழு நீளத்துக்குப் பாய்ந்துவிடும். பிறகு அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் முதலில் டென்சனரின் நடுவில் உள்ள போல்டைத்தான் கழற்றுவோம். தண்டில் பல் வைத்த வகை என்றால் ஸ்பிரிங்கை உருவி எடுத்த பிறகு டென்சனரைக் கழற்றினால், தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்; இன்னும் எத்தனை பல் மிச்சம் என்று நீங்களே எண்ணலாம். சுருள் ஸ்பிரிங் வகை என்றால் அந்தத் துளையில் சின்ன ஸ்குறுட்ரைவரை விட்டு வலப்பக்கம் திருப்புவோம். எத்தனை சுற்றில் தண்டு முழுதும் உள்ளே போகிறது என்பது கையிலேயே தெரியும். அதன் பிறகு தண்டை வெளியே வரவிட்டு, பெருவிரலால் அழுத்திப் பார்ப்போம். நல்ல டென்சனர் என்றால் அசையாது. வழுக்கி உள்ளே போனால் டென்சனர் முடிந்தது.

தண்டு பாதியளவுக்குள்ளேயே நின்று, விரலுக்கு வழுக்கினால், நீங்கள் கேட்டது சரி. டென்சனரும் கெஸ்கட்டும் மட்டும் மாற்றினால் போதும், வேலையும் சுருக்கம். தண்டு கடைசிவரை வந்துவிட்டிருந்தால் கதை வேறு. புதுச் சாமான் போட்டாலும் அதே நீளம்தான் வரும், அதற்கு மேல் எட்டாது. சத்தம் சில நாள் அடங்கியதுபோல் இருந்துவிட்டுத் திரும்பி வரும். அப்போது செயினும் கைட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அதற்கு மெக்னெட்டை (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரத்தை) கழற்ற வேண்டும், ஹெட்டையும் திறக்க வேண்டும். நாளும் காசும் கூடத்தான் போகும். காசை இழுக்கச் சொல்லும் கதை இல்லை என்பதற்காகத்தான் தண்டை உங்கள் கண் முன்னாலேயே அளக்கிறோம்.

"ஸ்பிரிங்கை இழுத்துப் போடுங்க, இல்லாட்டி பின்னால ஒரு வொஷர் வையுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. மன்னிக்க வேண்டும், அதை நாங்கள் செய்வதில்லை. சத்தம் உடனே நிற்கும், அது உண்மை. ஆனால் செயின் அளவுக்கு மீறி இறுகி, கைட்டின் ரப்பரை அரைக்கத் தொடங்கும். அரைபட்ட ரப்பர் ஒயிலோடு போய் அடியில் ஒயிலை வடிகட்டும் வலையை அடைக்கும். வலை அடைபட்டால் மேலே கேமுக்கு ஒயில் ஏறாது. ஒரு ஸ்பிரிங்கை மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டையே இழக்கும் வேலை இது.

மாற்றுகிற விதத்திலும் கவனம் வேண்டும். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், மெக்னெட்டின் 'டி' அடையாளத்தை நேராக்கி வைத்துத்தான் டென்சனரில் கைவைப்போம். அது வெளியே இருக்கும்போது யாரும் கிக்கரை மிதிக்கக் கூடாது, செல்ஃப் அடிக்கவும் கூடாது. தொய்ந்த செயின் ஒரு பல் தாவினால் வண்டி இழுக்காது. இன்னும் தாவினால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். புது டென்சனரை, தண்டை முழுக்க உள்ளே வைத்துத்தான் பூட்ட வேண்டும். அந்த 6 மில்லிமீட்டர் போல்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். அலுமினியத்தில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பூட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று முழுதாகச் சுற்றி, அடையாளங்கள் நேராக வருகின்றனவா என்று பார்த்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். வீட்டில் தாங்களே செய்ய நினைக்கும் தம்பிமாரும் இந்த ஒழுங்கை விட வேண்டாம்.

எல்லாச் சத்தமும் டென்சனர் சத்தம் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று கேட்டுச் சில நொடியில் அடங்கினால், அல்லது எக்ஸிலேட்டரை விடும்போது கூடிக் கேட்டால், சந்தேகம் இந்தப் பக்கம். டிக் டிக் என்று சீராகக் கேட்டால் டெப்பட்டாகவும் (வால்வின் இடைவெளி கூடியதாகவும்) இருக்கலாம். அதைச் சரிசெய்ய டென்சனர் தேவையில்லை.

அப்புறம் ஒயில். எங்கள் பக்கம் ஓடும் 100, 125, 150 சிசி வண்டிகளில் இருப்பது ஏறக்குறைய ஒரு லீட்டர்தான். அதில் கால் லீட்டர் குறைந்தால்கூடச் செயினுக்கும் டென்சனருக்கும் அது பெரிய குறை. மார்கழி வெள்ளத்தில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வண்டி இறக்கியவர்கள், தண்ணீர் எஞ்சின் அளவுக்கு ஏறியிருந்தால், மறுநாளே ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஓட்டாமல் உடனே மாற்றுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளத்துக்குப் பிறகு சத்தத்தோடு வந்த பல வண்டிகளில் நாங்கள் கண்டது இந்த நிறத்தைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சத்தம் பார்க்க வருகிறவர்கள் முடிந்தால் முதல்நாள் பின்னேரமே வண்டியை விட்டுச் செல்லுங்கள். எஞ்சின் இரவு முழுதும் ஆறியிருந்தால்தான் காலை முதல் ஸ்டார்ட்டில் உண்மைச் சத்தம் கேட்கும். சூட்டோடு ஓட்டி வந்தால் பாதி மறைந்துவிடும். பாதையால் வருகிறவர்கள் வண்டியின் மாடலையும் ஆண்டையும் முன்கூட்டியே சொன்னால், சாமானை எடுத்து வைத்துவிடுவோம், இரண்டாம் தரம் அலைய வேண்டாம். கழற்றிய டென்சனரையும் செயினையும் பையில் போட்டு உங்களிடமே தருவோம்.

அன்புடன்,
கராஜ் குழுவினர்,
பிரதான வீதி, களுவாஞ்சிகுடி